எந்திரத்தின் பெயர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியமில்லை. காடு தானாகவே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் நின்றவன் பார்த்திருப்பான். சக்கரமும் அப்படித்தான். சரிவில் உருண்டு போன பலாப்பழத்தைப் பார்த்து எவனுக்காவது தோன்றியிருக்கும். ஆனால் ஓர் எந்திரத்துக்குப் பெயர் வைத்து, இன்னொரு எந்திரம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி செய்ததுதான் இதுவரை இந்த உலகத்தில் நடந்த ஒரே உருப்படியான வேலை. இது ஆலங்காயம் பூவரசனின் முடிவு. டிப்ளமோ கடைசி வருஷத்தில் இந்த முடிவுக்கு வந்தவன், இருபத்தாறு வயதாகியும் அதிலிருந்து இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் நெட்வொர்க் போடுவதும் அவன் தொழில். வேலை முடிந்ததும் கார்பன் வைத்த சீட்டு ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்குவான். சீட்டின் முதல் கட்டம் 'எந்திரத்தின் பெயர்'. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு எழுதியாயிற்று. ஒன்றில்கூட அந்தக் கட்டம் காலியாகவோ நம்பராகவோ இருந்ததில்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் பெயரோடு ஒரு நம்பரும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. நம்பர் சொல்லிக் கூப்பிடுவது ஜெயில் பழக்கம் என்பான். அந்த நம்பரைத் துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கும் ஆபீஸ்களைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வராது; துக்கம்தான் வரும்.

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கடுக்காய்வாசல் சிறுதானிய உழவர் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறுகிற பாதையில் பாதிக்கு மேல் மூடுபனி. சாரலுக்குப் பயந்து லேப்டாப்பை வயிற்றோடு கட்டி, அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினான். எதிரே வந்த பலாப்பழ லாரிக்காரர், எத்தனாவது மாதம் என்று கேட்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

சங்கம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒட்டினாற்போல ஒரு அறை. கொட்டகையில் சாமையிலிருந்து கல் பிரிக்கிற எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தம்மாளும் இன்னும் நாலு பெண்களும் முறத்தோடு உட்கார்ந்து, எந்திரம் விட்டுவைத்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் எடை மேடை, அதன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் சிங்காரம். அறுபது தாண்டியவர். மூட்டையைத் தூக்கி வைப்பதும் அவர், எடையை ஒரு விரலால் தட்டிப் பதிவதும் அவர்.

அறைக்குள் கல்பனா இருந்தாள். சங்கத்தின் எழுத்து வேலை முழுதும் அவள்தான். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும். பூவரசன் மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள் போல.

அவளுடைய மகள் காவியாவுக்கு நர்சிங் சேர்க்கையில் பேர் வந்திருக்கிறது. அப்பாவின் சாதிச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. காவியா காலையிலேயே ஆலங்காயத்துக்கு இறங்கிப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அசல் சான்றிதழ் கையில் இல்லை. புதிதாக எழுதிப் போட்டால் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஸ்கேன் பண்ணியது மட்டும் இருக்கிறது, மூலையில் முக்காலி மேல் பழைய துண்டு போர்த்தி வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள்.

அந்தப் பெட்டிதான் சங்கத்தின் சர்வர். மற்ற கம்ப்யூட்டர்கள் அதற்குள் ஃபோல்டர் போட்டு வைத்து, வேண்டும்போது தங்கள் இடத்திலிருந்தே திறந்து எடுத்துக்கொள்ளும். எடைச் சீட்டெல்லாம் ஒரு ஃபோல்டரில். 'வூடு' என்று இன்னொரு ஃபோல்டர். அது கல்பனாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும்.

"திங்கக்கெழம வரைக்கும் தொறந்துச்சி தம்பி. செவ்வாக்கெழமயிலேர்ந்து சுத்திக்கினே கீது. அப்புறம் கெடைக்கலன்னு சொல்லுது."

"செவ்வாக்கெழம இன்னா நடந்துச்சி?"

ஒன்றும் நடக்கவில்லை என்றாள். பிறகு, இன்டர்நெட்காரர்கள் வந்து பழைய ரவுட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு புதுப் பெட்டி மாட்டிப் போனதைச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிற ஆபீஸ்களில் எல்லாம் இப்படி ஏதாவது ஒன்று நடந்திருக்கும் என்பது பூவரசனின் அனுபவம்.

வெளியே போய்ச் சிங்காரத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்தான். எடைச் சீட்டு ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்தது. கிழவர் செவ்வாய்க்கிழமை முழுதும் மூட்டை போட்டிருக்கிறார், ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி வந்து கல்பனாவின் மானிட்டரைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் துக்கம் வந்தது. நெற்றியில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், 192.168.1.10.

அவன் விளக்கினான். புதுப் பெட்டி வந்ததும் எல்லா எந்திரத்துக்கும் வேறு நம்பர் கொடுத்துவிட்டது. கிழவர் சர்வரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதனால் அது எங்கே குடிமாறினாலும் அவருக்குக் குரல் கொடுக்கிறது. கல்பனா பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். படித்தவர்கள் இருக்கிற ஆபீஸில் இந்தத் தாள் இருக்கவே கூடாது என்று சொல்லி, அதைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டான். கல்பனா குனிந்து அதை எடுத்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி, தன் போனின் பின்னுறைக்குள் செருகிக்கொண்டாள்.

"சரி, சர்வர் பேரு இன்னாங்க?"

"அதுக்குப் பேரு வச்சிருக்காங்க."

"வச்சிருப்பாங்க. இன்னா பேரு?"

"வச்சவரு பேருதான்."

"வச்சவரு பேரு இன்னா?"

"மாமாவக் கேளுங்க."

மூட்டையை எடை மேடையிலிருந்து இறக்கிவிட்டு மாமா வந்தார். "தீர்த்தகிரி. எங்க அண்ணன் மவன். இதோட வூட்டுக்காரன். அதுங்கிட்டயே போயி கேட்டா அது எப்படிப்பா சொல்லும்?"

பூவரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய அம்மாகூட அப்பாவைப் பேர் சொல்ல மாட்டாள்தான். ஆனால் அவன் அம்மா நெட்வொர்க்கில் இல்லை.

"ரேஷன் கடையில கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

"கார்ட நீட்டுவேன்."

"ஆஸ்பத்திரில?"

"காவியா அப்பான்னு சொல்லுவேன்."

"காவியா அப்பான்னு இந்தியாவுலயே ஒரு சர்வர் கெடையாதுங்க."

கொட்டகையிலிருந்து சாந்தம்மாள் குரல் கொடுத்தாள், பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டாள். பெண்கள் சிரித்தார்கள். கல்பனா சிரிக்கவில்லை.

பூவரசன் தானே அந்தப் பேரை அடித்திருக்கலாம். பத்து நொடி வேலை. ஆனால் அவனுக்குக் கொள்கை இருந்தது, கொஞ்சம் குறும்பும் இருந்தது. நாளைக்குத் தான் இங்கே இருக்கப் போவதில்லை, ஒவ்வொரு தடவையும் ஆலங்காயத்திலிருந்து ஆள் வந்து அடித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் அவளே அடித்துப் பழக வேண்டும் என்றான். மணி பன்னிரண்டு ஆகிறது என்றும் சொன்னான்.

"வாயால சொல்றது வேற, கையால அடிக்கிறது வேறதானே மாமா?" கல்பனா சிங்காரத்தைக் கேட்டாள்.

சிங்காரம் யோசித்தார். இந்த மாதிரி வழக்கு அவர் காலத்தில் வந்ததில்லை. "தெரிலம்மா. அப்போ கம்ப்யூட்டர் இல்ல," என்றவர், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சூடான சட்டியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி விரல் போய்ப் போய் வந்தது. முடித்து என்டரைத் தட்டினாள். கல் பிரிக்கிற எந்திரத்தின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

"அடிங்க," என்றான் பூவரசன்.

"எத?"

"பாஸ்வேர்டு."

"எனக்குத் தெரியாது. எப்பவும் கேட்டதில்ல. திரையில நம்பர் வச்ச அந்தச் சின்னப் படத்த ரெண்டு தட்டு தட்டுனா தொறந்துக்கும். அப்படித்தான் வச்சிட்டுப் போனாரு."

காவியா பிறந்த தேதி, கல்யாணத் தேதி, சங்கத்தின் பேர், ஊர்ப் பேர் என்று எட்டு விதமாக அடித்துப் பார்த்தான். ஒன்பதாவதை அடிக்கும்போது கரண்ட் போனது. கொட்டகை எந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது. மூலையில் சர்வரும் அடங்கியது. ஆடிக் காற்றில் எங்கேயோ கம்பியில் மரம் சாய்ந்திருக்கும், எடுத்துப் போட்டுவிட்டு வர மூன்று மணியாகும் என்றார் சிங்காரம். இதில் அவருக்கு ஐம்பது வருஷ அனுபவம்.

காத்திருக்கிற நேரத்தில் பூவரசன் வழி தேடினான். சர்வருக்கு மானிட்டர் கிடையாது. போன வருஷம் இடியில் போனது. வேறு மானிட்டர் மாட்டினாலும் உள்ளே போக அதே பாஸ்வேர்டுதான். டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டலாம், அதற்கான ஒயர் கடையில் கிடக்கிறது. போய் எடுத்து வந்து, அதன் பிறகு வேலை பார்த்தால் ஐந்து தாண்டிவிடும். பேர் வைத்தவனையே போன் போட்டுக் கேட்கலாமே என்று சிங்காரத்திடம் சொன்னான். கிழவர் எடை மேடையைத் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

தீர்த்தகிரி வேலூரில் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு வந்து, இந்த ஆபீஸைத் தானே ஒயர் இழுத்து அமைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேபிள் பதிக்கிற ஒரு மேஸ்திரியோடு ஆந்திரா பக்கம் போனான். மேஸ்திரி கேட்டான் என்று சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். ஆறு மாதம் பேசினான். அதற்குப் பிறகு போன் அணைந்திருக்கிறது. மேஸ்திரி, அவன் பாதியிலேயே வேறு ஆளோடு போய்விட்டான் என்கிறான். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. சிங்காரமே ஒரு தடவை போய் ஓங்கோல் வரைக்கும் தேடிவிட்டு வந்தார். பாஷை தெரியாமல் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டியதைச் சொன்னபோது, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"ஊர்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. இது மட்டும் ஒன்னும் சொல்லாது. பேரயும் சொல்லாது. சொல்லாத வரைக்கும் அவன் எங்கியோ கீறான், அவ்ளோதான்."

கல்பனா வீட்டிலிருந்து சோறு எடுத்து வந்தாள். வீடு கூப்பிடு தூரம்தான். கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். ஒருத்திக்குச் செய்ததை மூன்று பேருக்குப் பிரித்திருந்தாள். காவியா விடுதியில் படித்த நாளிலிருந்து ஒருத்திக்குச் சமைப்பது பழகவே இல்லை, எப்படியும் மிஞ்சிவிடும், இன்றைக்குப் பார்த்து அளவாக வந்துவிட்டது என்று வருத்தப்பட்டாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது பூவரசனுக்குத் தெரியும். அப்படியே விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான்.

போன் சிக்னல் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான். கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மூன்றாம் படி. இரண்டரை மணிக்கு அவள் அங்கே போய் நின்று காவியாவைக் கூப்பிட்டாள். இன்னும் இல்லை, நீ சாப்பிட்டாயா, எடுத்ததும் அனுப்புகிறேன் என்றாள். பாதியில் கட்டானது. போனில் ஏதோ கோளாறு, பார்க்கிறீர்களா தம்பி என்று அவனிடம் கொடுத்தாள். கூப்பிட்ட எண்களின் பட்டியல் திறந்திருந்தது. காவியா, காவியா, மாமா, சங்கத் தலைவர் என்று எல்லாருக்கும் பேர் இருந்தது. நடுநடுவே ஒரு நம்பர், பேர் இல்லாமல், வெறும் பத்து இலக்கம். நேற்று ஒரு தடவை. முந்தாநாள் ஒரு தடவை. அவன் விரல் கீழே தள்ளிக்கொண்டே போனது. தினமும் ஒரு தடவை, காலை ஆறரைக்கு. ஒன்றில்கூடப் பேசிய நேரம் இல்லை.

போனில் கோளாறு இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.  

படியிலிருந்து இறங்கி வந்து சிங்காரத்தைக் கேட்டான், அந்த நம்பர் தாள் எப்போது ஒட்டியது என்று.

"அதுவா. இந்தப் பெட்டிக்கு அவன் பேர வச்சதும் இவ கம்ப்யூட்டர் கிட்டயே வரலப்பா. மூணு நாள் சண்ட. பேர மாத்துன்னு இவ, மாத்த மாட்டேன்னு அவன். கடசில இவளுக்குன்னு தனியா நம்பர் வச்சிக் கொடுத்தான். நீ என்னக் கூப்பிடவே வேணாம், பத்தத் தட்டு, நான் வர்றேன்னான். எல்லாரும் சிரிச்சோம்."

பூவரசனுக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வது எப்படி என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். எந்த முகவரியில் கூப்பிடும்போது சேமித்தோமோ, அந்த முகவரிக்குத்தான் சேமிக்கும். தீர்த்தகிரி நம்பருக்குச் சேமித்திருக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சர்வர் அவளை யாரோ என்று நினைத்து பாஸ்வேர்டு கேட்கும். பத்து என்று முடிகிற அந்த நம்பரைத் தட்டினால், கேட்காமல் திறக்கும். கதவு அங்கேதான் இருந்திருக்கிறது. அவன்தான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளை உட்காரவைத்து அந்தப் பேரை அடிக்கவைத்திருக்கிறான்.

கரண்ட் வந்தபோது மணி மூன்றே முக்கால்.

புதுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, லேப்டாப்பில் அதன் அமைப்புக்குள் போனான். பழைய பெட்டி, வேறு யாருக்கும் தராமல், சர்வருக்கு மட்டும் எப்போதும் பத்தையே கொடுக்கும்படி தீர்த்தகிரி சொல்லி வைத்திருக்கிறான். புதிதாக மாட்ட வந்தவன் அதைக் கேட்கவில்லை. பூவரசன் நம்பரின் முன்பகுதியை, தெரு நம்பர் மாதிரியான அதை, பழையபடி மாற்றினான். சர்வரை அடையாளம் பார்த்து, அதற்குப் பத்தை எழுதி வைத்தான். பெட்டியை அணைத்து எழுப்பினான்.

பிறகு சர்வரின் துண்டை விலக்கி பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி அமுக்கினான். உள்ளே விசிறி ஒரு தடவை முனகி, இருமி, சுற்ற ஆரம்பித்தது. மானிட்டர் இல்லாத எந்திரம் எழுந்துவிட்டதா, பாதியில் நிற்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. சிங்காரம் அதன்மேல் கை வைத்துப் பார்த்தார், மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

நாலு மணி பத்து நிமிஷம். பதினைந்து. இருபது.

"இப்போ தட்டுங்க," என்றான். 

கல்பனா பழைய படத்தை இரண்டு தட்டு தட்டினாள். வட்டம் சுற்றியது. ஃபோல்டர் திறந்தது. எதுவும் கேட்கவில்லை.

'வூடு' என்பதற்குள் அதிகம் இல்லை. ரேஷன் கார்டு, காவியாவின் பள்ளிச் சான்றிதழ்கள், பலா மரத்தடியில் மூன்று பேர் நிற்கிற ஒரு போட்டோ, அந்தச் சாதிச் சான்றிதழ். அவள் போட்டோவைத் திறக்கவில்லை. சான்றிதழை அனுப்பிவிட்டு மூன்றாம் படிக்கு ஓடினாள். போய்க் கொஞ்ச நேரம் ஆயிற்று. சாந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கல்பனாவின் தலையில் சாரல் முத்து முத்தாக நின்றது.

"ஏறிடுச்சாம். நாலு நாப்பத்தேழுக்கு."

பெண்கள் மறுபடி கல் பொறுக்க உட்கார்ந்தார்கள். சிங்காரம் அடுத்த மூட்டையை மேடையில் ஏற்றினார். பூவரசன் ஒயர்களைச் சுருட்டினான். கல்பனா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றவள் கேட்டாள்.

"தம்பி. மத்தியானம் நான் அடிச்சன் பாருங்க, அந்தப் பேரு. அதனால ஒன்னும் ஆகாதில்ல?"

முந்நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. அவன் சர்வரைப் பார்த்தான். துண்டை எடுத்துப் பழையபடி போர்த்தினான்.

"அது கணக்குல சேராதுங்க," என்றான், தொழில் பேசுகிற குரலிலேயே. "பாஸ்வேர்டு போட்டு உள்ள போனாத்தான் பேரு பதிவாவும். நாம வாசல்லயே நின்னுட்டோம். எங்கியும் பதிவாவல. வேணும்னா பாத்துச் சொல்றேன்."

லேப்டாப் திரையில் சும்மா இரண்டு ஜன்னல்களைத் திறந்து, மேலும் கீழும் தள்ளி, நன்றாகப் பார்த்தான். "இல்ல. இல்லவே இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். போனின் உறையைக் கழற்றி மஞ்சள் தாளை எடுத்தாள். அவன் அதை வாங்கி, கருப்பு டேப்பால் நாலு மூலையிலும் ஒட்டி, மானிட்டர் நெற்றியில் அதே இடத்தில் வைத்து அழுத்தினான். கசங்கல் போகவில்லை. நம்பர் தெரிந்தது.

பிறகு சீட்டுப் புத்தகத்தைத் திறந்து கார்பனை மாற்றினான். முந்நூற்றுப் பதின்மூன்று. இந்தச் சீட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் படிப்பாள். எந்திரத்தின் பெயர் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தான். அப்புறம் மானிட்டரை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக, புள்ளி விடாமல், அந்த நம்பரை எழுதினான்.